கையுறை போட்ட மதிப்பெண்

சந்தையில் அவளுக்கு எடைக்கல் என்று பெயர். முகத்துக்கு நேரே 'மேடம்', முதுகுக்குப் பின்னால் எடைக்கல். அவள் செய்த வேலை அப்படி. கடைகளில் இருக்கும் தராசுகளைச் சோதிப்பாள். சரியாக இருந்தால் முத்திரை குத்துவாள், பிசகியிருந்தால் தராசைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். எடையளவுத் துறையில் களச் சோதனையாளர் என்று அடையாள அட்டையில் போட்டிருந்தது. இருபத்தாறு வருட சர்வீஸ். அவள் கடைத்தெரு முனையில் தலை காட்டினால் போதும், சேதி அவளை முந்திக்கொண்டு கடைசிக் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். தட்டைத் துடைப்பார்கள். சிலர் ஷட்டரை இறக்கிவிட்டு, வீட்டில் விசேஷம் என்பார்கள். வருடத்துக்கு நாலு விசேஷம் நடந்த வீடுகள் உண்டு.

சோதனையில் அவளுக்கு ஒரு வரிசை இருந்தது. முதலில் வெறும் தட்டு. எதுவும் வைக்காதபோது தராசு பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்ப்பாள். பிறகு தெரிந்த எடை ஒன்றை நடுவில் வைப்பாள், அதே எடையை நாலு மூலையிலும் வைப்பாள். கடைசியாகத் தட்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவுவாள். அங்கே அவள் கைக்கு என்னவெல்லாமோ கிடைத்திருக்கின்றன. ஈயத் துண்டு, மெழுகு, யாரோ மனைவிக்குத் தெரியாமல் ஒளித்து வைத்த காதல் கடிதம் ஒன்று. அதிகம் கிடைத்தது காந்தம். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். கிலோவுக்கு நாற்பது கிராம் திருடும்.

"நேத்து வரைக்கும் சரியாத்தான் மேடம் இருந்துச்சு" என்பார் கடைக்காரர்.

"நேத்து சரியா இருந்ததை இன்னிக்கு யாரோ தொட்டிருக்காங்க. யாருன்னு நீங்களே யோசிச்சு வைங்க" என்பாள்.

அவளுக்கு ஐம்பத்து மூன்று வயதானபோது, ஒரு காய்கறி மொத்தக்கடையில் காலை பத்தரை மணிக்கு, ஐந்து கிலோ கல்லைத் தட்டின் நடுவில் வைக்கப் போனாள். கை அதைத் தட்டுக்கு ஒரு சாண் வெளியே, காற்றில் வைத்தது. கல் தரையில் விழுந்து ஒரு கூடை தக்காளியை நசுக்கிக்கொண்டு உருண்டது. தட்டு நகர்ந்துவிட்டது என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. குனிந்து தட்டைச் சரிசெய்யப் போனவள் நிமிரவில்லை.

"மேடம், வாய் ஒரு பக்கமா போகுது உங்களுக்கு" என்றார் மொத்தக்கடைக்காரர். அவள் அவருக்கு இரண்டு முறை அபராதம் போட்டவள். அவர் ஆம்புலன்சுக்குக் காத்திருக்காமல், காய்கறி இறக்கிய வண்டியிலேயே அவளைக் கிடத்தி, இருபத்தைந்து நிமிடத்தில் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பின்னால் யாராவது அதைப் பாராட்டினால், "மூணாவது அபராதம் போட ஆள் வேணாமா?" என்பார்.

மூளையின் இடது பக்கத்தில் ரத்தக் குழாய் அடைத்திருந்தது. நேரத்துக்கு வந்துவிட்டதால் அடைப்பைக் கரைக்கும் ஊசி போட்டார்கள். பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் பிழைத்தது விதி என்றார்கள், மீதிப் பேர் பூர்வ புண்ணியம் என்றார்கள். பிழைக்க வைத்தது ஒரு டீசல் வண்டி, ஒரு ஸ்கேன், ஒரு ஊசி. இந்த மூன்றில் ஒன்று இல்லாத ஊரில் பிறந்தவர்களுக்கும் அதே விதிதான் எழுதியிருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவளுக்கு அப்போது பேச்சு வரவில்லை.

இருபது நாள் கழித்து வீட்டுக்கு வந்தாள். நடை வந்துவிட்டது, ஒரு காலை லேசாக இழுத்து நடந்தாள். வலது கை மணிக்கட்டுக்குக் கீழே மூடிய மொட்டு மாதிரி இருந்தது. பிறர் பேசுவது முழுக்கப் புரிந்தது. பதில் சொல்லப் போனால் சொல் தொண்டை வரை வந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது. எண்கள் மட்டும் தடையில்லாமல் வந்தன. சாப்பிட என்ன வேண்டும் என்பதைச் சொல்ல அரை நிமிடம் திணறுகிறவள், கேஸ் நுகர்வோர் எண்ணைப் பதினாறு இலக்கமும் ஒரே மூச்சில் சொன்னாள்.

மூத்த சகோதரி தன் தையல் கடையை மூடிவிட்டுத் தங்கைக்குத் துணையாக வந்து இருந்தாள். எடைக்கல்லின் கணவன் பேருந்து ஓட்டுநர். காலை ஷிப்டு முடித்து இரண்டு மணிக்கு வருவான். பெரியவள் வீட்டுக்குள் காலடி வைத்த நாளிலிருந்து அவள் சொல்தான் சட்டம். "தம்பி, செருப்பை வெளிய விடுங்க. தம்பி, ரேடியோவைக் குறைங்க." பதினெட்டு மீட்டர் பேருந்தை நெரிசலில் திருப்புகிறவன் தன் வீட்டில் ஓரமாக நடந்தான்.

காப்பீட்டின் பேரில் ஒரு மறுவாழ்வுக் கம்பெனி மூன்று கருவிகளை ஒரு பெட்டியில் போட்டு அனுப்பியது. ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று. நாடித் துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருக்கும் மணிக்கட்டுப் பட்டை ஒன்று. மூன்றாவது ஒரு கையுறை. கையுறையின் ஒவ்வொரு விரலிலும் உணர்கருவி வைத்துத் தைத்திருந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு, அதோடு சேர்ந்து வந்த தொடுதிரை டேபுக்கு முன்னால் உட்கார வேண்டும். திரையில் பந்துகள் வரும். விரலை மடக்கினால் திரையில் இருக்கும் கை பந்தைப் பிடிக்கும், விரித்தால் கூடையில் போடும். இருபது நிமிடம் முடிந்ததும் திரை கைதட்டி, நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும். அந்த மதிப்பெண் அப்படியே கம்பெனிக்குப் போய்விடும்.

ரத்த அழுத்தக் கருவியை அவள் முதல் நாளே சோதித்தாள். அடுத்தடுத்து மூன்று முறை பார்க்கச் சொன்னாள். பிறகு கணவனை அதைக் கையோடு எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பக்கத்து கிளினிக்குக்கு நடந்து, அங்கிருந்த பாதரசக் கருவியோடு ஒப்பிட்டாள். இரண்டு புள்ளிதான் வித்தியாசம். தலையை ஆட்டினாள்.

"விட்டா முத்திரை குத்திடுவா" என்றான் கணவன்.

கையுறையைச் சோதிக்க அவளிடம் கல் இல்லை. ஒரு கை எவ்வளவு குணமாகியிருக்கிறது என்பதற்கு எந்த அலுவலகத்திலும் படிக்கல் கிடையாது. அதனால் அதை அப்படியே ஏற்றுக்கொண்டாள்.

வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் கம்பெனி அனுப்பும் பிசியோ வருவாள். முப்பது வயதுப் பெண், எப்போதும் படியேறிய மூச்சோடு உள்ளே வருவாள். நோயாளியின் கட்டைவிரலை ஒரு மணி நேரம் தன் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகத் திறப்பாள். அடித்துப் போட்டமாதிரி வலிக்கும். அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான் விரல்கள் தங்களுக்கு ஒரு எஜமானி இருக்கிறாள் என்பதைக் கொஞ்சம் நினைவுகூரும்.

"முதல் ஆறு மாசம்தாம்மா முக்கியம். மூளை வழி மாத்திப் போட்டுக்குற நேரம் இது. அப்புறமும் வரும், ஆனா இவ்வளவு வேகமா வராது" என்று பிசியோ சொல்லியிருந்தாள்.

கம்பெனியின் விதியையும் அவள்தான் சொன்னாள். பத்து நாள் சராசரி அறுபதைத் தாண்டினால் நோயாளி தேறிவிட்டார் என்று அர்த்தம், பிசியோ வருகை நின்றுவிடும். மூன்று மாதத்தில் பத்து மதிப்பெண்கூட ஏறாவிட்டால் இனித் தேற மாட்டார் என்று அர்த்தம், அப்போதும் நின்றுவிடும். அடுத்த தெருவில் மூட்டை தூக்கும் ஒருவருக்கு மதிப்பெண் பதினான்கிலேயே நின்றதால் வருகையை நிறுத்திவிட்டார்கள். தேறியவனுக்கும் தேறாதவனுக்கும் ஒரே மருந்து எழுதும் வைத்தியனை ஊரில் போலி என்பார்கள். கம்பெனியில் அதற்கு வழிகாட்டு நெறி என்று பெயர்.

ஐந்து வாரத்தில் அவள் மதிப்பெண் பத்தொன்பதிலிருந்து இருபத்திரண்டுக்கு வந்திருந்தது.

அப்போதுதான் பெரியவள் காந்த வளையலை வாங்கி வந்தாள். கையுறைக்குப் பேட்டரி வாங்கப் போன மருந்துக்கடையில், கல்லாவுக்குப் பக்கத்திலேயே மாட்டி வைத்திருந்தார்களாம். செம்பு நிறம், உள்பக்கம் எட்டுக் காந்தங்கள். ரத்தத்தில் இரும்பு இருக்கிறது, காந்தம் அதை இழுக்கும், இழுத்தால் ஓட்டம் சீராகும் என்று அட்டையில் அச்சடித்திருந்தது.

தங்கை அதைப் பார்த்து, "வேண்... வேணாம்" என்றாள்.

கணவன் அட்டையை வாங்கிப் படித்தான். "அக்கா, இவளை ஸ்கேன் குழாய்க்குள்ள அரை மணி நேரம் படுக்க வச்சாங்களே, ஞாபகம் இருக்கா? கழுத்துச் சங்கிலியைக் கழட்டச் சொன்னாங்களே. அது என் பஸ் எடைக்கு ஒரு காந்தம். காந்தத்துக்கு ரத்தம் இழுபடும்னா அன்னிக்கே இவ ரத்தம் பூரா சுவத்துல ஒட்டியிருக்கும்."

"அது படம் எடுக்குற காந்தம் தம்பி. இது குணப்படுத்துற காந்தம்."

"காந்தத்துக்கு எப்படிக்கா தெரியும், தான் எந்தக் காந்தம்னு?"

"நீங்க பஸ் ஓட்டுங்க. எனக்கு என் தங்கச்சி கை நல்லாகணும்."

தன் பிழைப்பை மூடிவிட்டு வந்து, ஐந்து வாரமாகத் தலைவாரிவிட்டு, குளிப்பாட்டிவிட்டு, ஒரு நாளும் முகம் சுளிக்காதவள் வாங்கி வந்தது. எடைக்கல் கையை நீட்டினாள். பெரியவள் வலது மணிக்கட்டில் வளையலை மாட்டி, அதன்மேல் கையுறையின் பட்டையை இறுக்கினாள்.

அன்று மதிப்பெண் ஐம்பத்தெட்டு.

மறுநாள் அறுபத்தாறு. அதற்கடுத்த நாள் எழுபத்தொன்று. திரை விடாமல் கைதட்டியது. பெரியவள் தெரு முழுக்கச் சொன்னாள். எதிர்வீட்டில் மூட்டுவலிக்காரி ஒருத்தி போய் அதே வளையலை வாங்கி வந்தாள். கணவன் காந்தப் பேச்சை விட்டுவிட்டான். மதிப்பெண்ணோடு யார் வாதாடுவது? பிசியோ அந்த வாரமும் அதற்கடுத்த வெள்ளி வரையும் பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தாள்.

எடைக்கல் பதினோரு நாள் நம்பினாள்.

இதைப் பூசி மெழுகுவதற்கில்லை. இருபத்தாறு வருடம் அடுத்தவர் தராசை நம்பாமலே சம்பளம் வாங்கியவள், தன் கைக்கு ஒரு கருவி நல்ல எண் காட்டியதும் வாயைத் திறக்கவில்லை. திரையில் இருந்த கை பந்தைப் பிடிக்கும்போதெல்லாம் தன் விரல் மடங்குவதாகவே அவளுக்கு உணர்வும் இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் டீ டம்ளரை வலது கையால் எடுக்கப் போய்க் கவிழ்த்துக்கொண்டாள். சூடு அதிகம் என்று பெரியவளிடம் சைகை செய்தாள். டீ ஆறிப்போயிருந்தது.

பன்னிரண்டாம் நாள் கம்பெனியிலிருந்து வாழ்த்துச் செய்தி வந்தது. பூங்கொத்துப் படம் போட்டு, தாங்கள் இலக்கை அடைந்துவிட்டீர்கள், வீட்டு வருகைகள் இன்றோடு நிறைவடைகின்றன என்று எழுதியிருந்தது.

அன்று செவ்வாய்க்கிழமை. பிசியோ கடைசி வருகைக்கு வந்தாள். மகிழ்ச்சியாகத்தான் வந்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு, ஒரு தேக்கரண்டியை எடைக்கல்லின் வலது உள்ளங்கையில் வைத்து, "பிடிங்கம்மா" என்றாள். கரண்டி மடியில் விழுந்தது. மறுபடி வைத்தாள். மறுபடி விழுந்தது. பிசியோ டேபைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள்.

"டேபுல எழுபத்தொண்ணு இருக்கு. கையில இருபத்தஞ்சுகூட இல்ல" என்றாள். பிறகு தயங்கி, "கோவிச்சுக்காதீங்க. கையுறையை வேற யாராவது போட்டு விளையாடினீங்களா?"

"என்னம்மா பேசுற?" பெரியவளுக்குச் சுருக்கென்று வந்தது. "நான் என்ன, திருட்டு மார்க் வாங்குற ஆளா? தினம் நான்தான் மாட்டி விடுறேன். இவ கையில மட்டும்தான்."

எடைக்கல் இடது கையால் டேபைத் தன் பக்கம் இழுத்தாள். மதிப்பெண் வரைபடம் திறந்திருந்தது. ஐந்து வாரம் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு கோடு. பிறகு ஒரே நாளில் செங்குத்தாக ஒரு சுவர். அதற்கப்புறம் மேலே சமதரை. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை இப்படித் தேறாது. தொட்ட தராசுதான் இப்படித் தாவும்.

சுவரின் அடியில் தேதி இருந்தது. விரலை அந்தத் தேதியில் வைத்து, பிறகு அதே விரலால் மணிக்கட்டில் இருந்த வளையலைத் தட்டினாள்.

"இதுவா? ஆமா, அன்னிக்குத்தான் போட்டோம். அதைத்தானே நான் சொல்லிட்டிருக்கேன், அதனாலதான் ஏறுச்சு" என்றாள் பெரியவள்.

"கழ... கழட்டு" என்றாள் எடைக்கல்.

கையுறையையும் வளையலையும் மேசைமேல் வைக்கச் சொன்னாள். கையுறையை மேசையின் நடுவில் தட்டையாகப் பரப்பி, வளையலை அறையின் மறுகோடிக்கு அனுப்பினாள். டேபில் விளையாட்டைத் தொடங்கச் சொல்லிக் கை காட்டினாள். பந்துகள் வந்தன, போயின. திரையில் இருந்த கை அசையவில்லை.

"பூஜ்யம்" என்றாள். வாயிலிருந்து முழுதாக வந்தது.

பிறகு பெரியவளைக் கூப்பிட்டு, வளையலைக் கையுறைக்குப் பக்கத்தில் வைத்து முன்னும் பின்னும் நகர்த்தச் சொன்னாள். பெரியவள் ஏதோ தண்டனை நிறைவேற்றுகிறவள் போல நகர்த்தினாள். திரையில் இருந்த கை விரலை மடக்கிப் பந்தைப் பிடித்தது. விரித்தது. கூடையில் போட்டது. அடுத்த பந்தைப் பிடித்தது. உள்ளே ஒரு விரல்கூட இல்லாத கையுறை, பாதிக்கு மேல் பந்துகளைப் பிடித்துக்கொண்டே இருந்தது. இருபது நிமிடம் முடிந்ததும் திரை கைதட்டி அறுபத்தெட்டு போட்டது.

பிசியோ கையுறையை எடுத்து விரல் நுனிகளைத் தடவிப் பார்த்தாள்.

"விரல்ல இருக்குற உணர்கருவியும் காந்தத்தை வச்சுத்தான் வேலை செய்யுதுபோல. வளையல் மணிக்கட்டுல ஆட ஆட, விரல் மடங்குதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கு" என்றாள் பிசியோ.

பெரியவள் வளையலைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். "அப்ப இவ்வளவு நாளும் குணமானது யாரு?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை.

மேல்முறையீடு செய்ய ஒரு தொலைபேசி எண் இருந்தது. கணவன் ஷிப்டு முடிந்து வந்து அதைப் போட்டான். நோயாளி தன் குரலில் இரண்டு நிமிடத்துக்குள் காரணத்தை விளக்க வேண்டும் என்றது பதிவுக் குரல். போனை மனைவியிடம் கொடுத்தான்.

"கை... எழுபத்தொண்ணு... இல்ல. காந்... காந்..."

பதில் தெளிவாக இல்லை, மீண்டும் முயல்க என்றது குரல். மூன்று முறை முயன்ற பிறகு ஒரு பெண் இணைப்பில் வந்தாள்.

"நான் அவங்க வீட்டுக்காரர் பேசுறேன்."

"சாரி சார், பேஷன்ட்தான் பேசணும்."

"அவங்களால பேச முடியாதுங்கறதாலதானம்மா உங்க பெட்டியே எங்க வீட்டுக்கு வந்துச்சு."

"அது புரியுது சார். ஆனா பேஷன்ட்தான் பேசணும்."

போனை வைத்துவிட்டுக் கணவன் சிறிது நேரம் மோவாயைச் சொறிந்தான். "டிப்போவுல பயணி புகார் கொடுத்தா ஃபைல் ஒரு மாசம் தூங்கும். வண்டி நின்னுபோச்சுன்னா பத்து நிமிஷத்துல ஆள் வரும்" என்றான். வேறொரு எண்ணைத் தேடிப் பிடித்து, கையுறை பழுதாகிவிட்டது, தானாக இயங்குகிறது, தொட பயமாக இருக்கிறது என்று புகார் கொடுத்தான். மறுநாள் காலை ஒன்பதரைக்கு வட்டார மேலாளரே வந்து வாசலில் நின்றார்.

நாற்பதைத் தொடாத ஆள். ஷூவைக் கழற்றும்போதே, "எங்க சாஃப்ட்வேர் பொய் சொல்லாது மேடம். எங்கயாவது போட்டதுல தப்பு இருக்கும்" என்றார்.

எடைக்கல் அவருக்கு நாற்காலியைக் காட்டினாள். அதே சோதனையை அதே வரிசையில் மறுபடி நடத்தினாள். முதலில் வெறும் கையுறை. பிறகு வளையல். இந்தத் தடவை வளையலை அவரையே நகர்த்தச் சொன்னாள். அவர் இரண்டு தடவை நகர்த்திவிட்டு நிறுத்தினார். அவள் விடவில்லை. முழு இருபது நிமிடமும் நகர்த்த வைத்தாள். எழுபத்து மூன்று வந்தது.

"சாருக்கு எங்க அக்காவைவிட நல்ல கை" என்றான் விடுப்பு போட்டிருந்த கணவன்.

மேலாளர் சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "ஒத்துக்கறேன். வருகையைத் திரும்ப ஆரம்பிச்சுடலாம். வெள்ளிக்கிழமையே ஆள் வரும். இதுல ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க."

பயனாளியின் தவறான பயன்பாட்டால் ஏற்பட்ட பிழை என்று அச்சடித்திருந்தது. எடைக்கல் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு அலமாரியைக் காட்டி, கையுறையோடு வந்த விளக்கப் புத்தகத்தை எடுத்து வரச் சொன்னாள். நாற்பத்தெட்டுப் பக்கம். இடது கட்டைவிரலால் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். நனைக்கக் கூடாது என்று இருந்தது. அடுப்பருகே வைக்கக் கூடாது, குழந்தைகளிடம் கொடுக்கக் கூடாது என்றெல்லாம் இருந்தது. காந்தம் என்ற சொல் எங்கும் இல்லை. புத்தகத்தை மூடி மேலாளர் பக்கம் தள்ளினாள்.

"அது அடுத்த பதிப்புல சேத்துடுவோம் மேடம். இப்ப பாருங்க, நீங்க கையெழுத்து போட்டா இது என் லெவல்ல முடிஞ்சிடும். கருவியில கோளாறுன்னு போனா கமிட்டிக்குப் போகும். கமிட்டி எப்ப கூடும்னு எனக்கே தெரியாது. ஒரு மாசம் ஆகலாம், ரெண்டும் ஆகலாம். உங்களுக்கு நாள் முக்கியம்." அவர் மிரட்டவில்லை. உண்மையைத்தான் சொன்னார்.

ஆறு மாதத்தில் இரண்டு ஏற்கெனவே போய்விட்டிருந்தன.

"போட்டுத் தொலையேன்டி" என்றாள் பெரியவள். குரல் உடைந்திருந்தது. "தப்பு என்னோடதுதானே? வளையலை வாங்கினது நான், மாட்டினது நான். குடுங்க சார், நானே போடுறேன்."

"இல்ல" என்றாள் எடைக்கல்.

பிறகு மேலாளரைப் பார்த்து, "எத்தனை?" என்றாள்.

"எது மேடம்?"

அவள் கையுறையைத் தொட்டுக் காட்டினாள்.

"நம்ம வட்டாரத்துலயா? நானூத்துப் பத்து வீட்டுல இருக்கு."

அந்த மருந்துக்கடையில் வளையல்கள் ஒரு கம்பி நிறையத் தொங்கின என்று பெரியவள் சொல்லியிருந்தாள். பேட்டரி வாங்கப் போகிற எல்லோரும் நிற்கும் அதே கல்லா. பயனாளி தப்பு என்று ஒரு தாள் கோப்பில் ஏறிவிட்டால் அதன் பிறகு கையுறையைச் சோதிக்க யாருக்கும் காரணம் இருக்காது. கையெழுத்து என்ன செய்யும் என்பது கையெழுத்து வாங்கியே பிழைத்தவளுக்குத் தெரியும்.

இடது கையில் பேனாவை வாங்கினாள். அச்சடித்த வரியின்மேல் ஒரு கோடு இழுத்தாள். கீழே, ஒவ்வோர் எழுத்தாக, பேச்சைப்போலவே நின்று நின்று எழுதினாள். இரண்டு வரிக்கு இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. மேலாளர் மூன்று அழைப்புகளைத் துண்டித்தார். எழுதி முடித்ததில் இப்படி இருந்தது: 'காந்தம் அருகில் இருந்தால் கருவி தவறாகக் காட்டுகிறது. 410 கருவிகளையும் வெறுமையாக வைத்துச் சோதிக்க வேண்டும்.' அதன் கீழே கையெழுத்துப் போட்டாள். எல்கேஜி பிள்ளையின் எழுத்து மாதிரி இருந்தது.

"இதை நான் மேல அனுப்பித்தான் ஆகணும்" என்றார் மேலாளர்.

தலையாட்டினாள்.

கமிட்டி கூட முப்பத்து மூன்று நாள் ஆயிற்று. அந்த முப்பத்து மூன்று நாளும் பிசியோ வரவில்லை. வரக் கூடாது என்று அவளுக்கு உத்தரவு. தொலைபேசியில் பயிற்சியைச் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்று உத்தரவில் இல்லாததால், செவ்வாயும் வெள்ளியும் அவள் பெரியவளுக்குச் சொன்னாள். பெரியவள் தங்கையின் கட்டைவிரலைப் பிடித்துத் திறந்தாள். தங்கை அலறினால் இவளும் சேர்ந்து அழுதாள், விரலை மட்டும் விடவில்லை.

டேபை அவள் மூடி வைத்துவிட்டாள். தினமும் காலையில் கழுத்தில் தொங்கும் தையல் நாடாவை எடுத்து, தங்கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் எவ்வளவு திறக்கிறது என்று அளந்தாள். ஜாக்கெட் அளவு குறிக்கும் நோட்டில், தோள், இடுப்பு என்று கட்டம் போட்ட பக்கங்களில், அதைத் தேதி போட்டுக் குறித்தாள். ஒன்றே கால் அங்குலம். ஒன்றே கால். ஒன்றே கால். ஒன்றரைக்குக் கொஞ்சம் குறைவு. நாலாவது வாரத்தில் இரண்டு நாள் ஒன்றே காலுக்கே திரும்பிப் போயிற்று. அதையும் அப்படியே குறித்தாள்.

"நாடாவைக் கொஞ்சம் தளர்த்திப் பிடிங்கக்கா, ஒன்றரை வந்துடும்" என்றான் கணவன்.

"உங்க பஸ்ஸுக்கு அளவு எடுக்கும்போது தளர்த்திக்கிறேன்."

கமிட்டியின் கடிதம் நாலு வரிதான். கருவியில் சிறு மேம்பாடு செய்யப்படுகிறது. பயனாளிகள் காந்தப் பொருள்களைத் தவிர்க்க வேண்டும். ஒவ்வொரு நாளும் கையுறையை முதலில் வெறுமையாக மேசையில் வைத்து, திரை பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். குறிப்பிட்ட பயனாளிக்கு எட்டு வாரம் வருகை நீட்டிக்கப்படுகிறது. யார் கண்டுபிடித்தது என்று இல்லை. நானூற்றுப் பத்தில் எத்தனை தவறாகக் காட்டின, அவற்றில் எத்தனை பேரின் வருகையை நிறுத்தியிருந்தார்கள் என்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை பிசியோ படியேறிய மூச்சோடு உள்ளே வந்தாள். கையுறையை மேசையில் வைத்துப் பூஜ்யம் பார்த்துவிட்டு மாட்டினார்கள். இருபத்து மூன்று வந்தது. பிசியோ எழுதிக்கொண்டாள். பிறகு தேக்கரண்டியை எடுத்து எடைக்கல்லின் உள்ளங்கையில் வைத்தாள். கரண்டி சாய்ந்தது, விரல்களில் தங்கியது, ஒன்பது எண்ணுவதற்குள் விழுந்தது. எண்ணியது எடைக்கல்தான்.

"முப்பத்து மூணு நாள் நான் வந்திருந்தா இன்னும் கொஞ்சம் வந்திருக்கும்" என்றாள் பிசியோ. ஆறுதலாக வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பெரியவள் நோட்டை நீட்டினாள். பிசியோ பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டு, தன் படிவத்தில் 'பிற அளவீடுகள்' என்ற கட்டத்தில் எல்லா எண்ணையும் இறக்கினாள். இத்தனை வருடத்தில் அந்தக் கட்டத்தில் அவள் எதுவும் எழுதியதில்லையாம். இடம் போதாமல் தாளின் பின்பக்கத்துக்கும் போக வேண்டியிருந்தது.

எடைக்கல்லின் முன்னால் ஒரு வெள்ளைத் தாள் இருந்தது. எத்தனை பேரின் வருகை அப்படி நின்றது என்று கேட்டு மேலாளருக்கு அவள் எழுதும் கடிதம். முதல் சொல்லிலேயே தாள் நழுவி நழுவிப் போயிற்று. பிசியோ அவள் வலது கையைத் தூக்கித் தாளின் ஓரத்தில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பரப்பினாள்.

"இதையே பயிற்சியா வச்சுக்கலாம். அழுத்திப் பிடிங்க, நான் விடுறேன்."

அவள் விட்டாள். தாள் நழுவியது. மறுபடி வைத்தாள்.